துவக்குக் குழலும் கறையில் உருக்கும்

தெல்லிப்பழையிலிருந்து வடக்கே ஏறத்தாழ மூன்று கல் சென்றால் காங்கேசன்துறைக் கடல். வாடைக்காற்று வீசும் மாதங்களில் அக்கடலின் உப்பு மண்வெட்டியிலும் அலவாங்கிலும் கிணற்றுக் கப்பியிலும் வந்து படிகின்றது. நேற்று மினுங்கிய கத்தி இன்று செம்மை பூத்துக் கிடக்கும். இதனை யாழ்ப்பாணத்தார் கறள் என்பர். துரு என்பதும் அதுவே. இக்கறளை வெல்ல மனிதன் செய்த முயற்சியின் வரலாற்றில் முக்கியமான அதிகாரம் ஒன்று துவக்குக் குழலை ஆராயுமிடத்துத் தொடங்கியது.

இரும்பு, நீர், ஒட்சிசன் மூன்றும் கூடினாற் கறள் தோன்றும். உப்பு அதனை விரைவுபடுத்தும். துவக்குக்கோ உப்பு இரு வழியால் வரும். கடற்காற்று புறத்தைத் தாக்கும். வெடித்தபின் எஞ்சுவது அகத்தைத் தாக்கும். பழைய கருமருந்து விட்டுச்செல்லும் உப்புக்கள் ஈரத்தை உறிஞ்சுவன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் புகையில்லா மருந்து வந்தபின்பும் இத்தொல்லை தீரவில்லை. தோட்டாவின் தீத்தொப்பியில் இருந்த பொற்றாசியங் குளோரேற்று, வெடித்ததும் கறியுப்பையொத்த பொற்றாசியங் குளோரைட்டாகிக் குழலினுட் படிந்தது. ஆதலின் லீ என்பீல்ட் றைபிள் ஏந்திய படையினர் சுட்டு முடிந்ததும் குழலிற் கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதன்பின்னரே எண்ணெய் இட்டனர். எண்ணெய் உப்பைக் கரைக்காது, நீரே கரைக்கும்.

குழலின் புறத்துக்குக் கொல்லர் கண்ட உபாயம் விந்தையானது. கறளையே கறளுக்குக் காவலாக்கினர். அமிலங் கலந்த நீரைப் பூசி மெல்லிய கறளை வரவழைப்பர். தளர்ந்த பொடியைத் தேய்த்து நீக்குவர். இவ்வாறு பன்முறை செய்யக் கபில நிறமான இறுகிய தோல் ஒன்று அமையும். அதனைக் கொதிநீரில் இட்டால் கருமை கொள்ளும். அத்தோல் எண்ணெயைப் பற்றி வைத்துக்கொள்ளும். எனினும் எண்ணெய் வற்றியவிடத்துக் கறள் மீண்டும் எழும்.

இரும்பின் இயல்பையே மாற்ற முயன்றோரும் உளர். கொல்லன் ஒருவரின் மகனாகிய மைக்கல் பரடே, ஜேம்ஸ் ஸ்ரோடாட் என்பாரோடு கூடி, இந்தியாவிலிருந்து இலண்டனுக்குச் சென்ற உருக்கை 1819ஆம் ஆண்டளவில் ஆராய்ந்தார். அதன் சிறப்பை அறியப் புகுந்த அவ்விருவரும் உருக்கிற் பிற உலோகங்களைக் கலந்து பார்த்தனர். அவற்றுட் குரோமியமும் ஒன்று. 1821இற் பிரான்சு நாட்டுப் பியர் பேத்தியே, குரோமியம் கலந்த இரும்பு அமிலத்தை எதிர்த்து நிற்பதைக் கண்டார். ஆயினும் பயன்படத்தக்க உருக்கு உருவாக மேலும் தொண்ணூறு ஆண்டுகள் சென்றன.

பன்னிரண்டு வயதிற் பள்ளியை விட்டு ஆலைக்குச் சென்ற ஹரி பிறேர்லி என்பார், 1912இல் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் ஆய்வுகூடத் தலைவராய் இருந்தார். சுடுந்தோறும் வெப்பத்தால் றைபிள் குழல்கள் அரிக்கப்படுதலைத் தடுக்கும் வழியைக் காணும் பணி அவரிடம் வந்தது. 1913 ஓகஸ்ற் மாதத்தில் நூற்றுக்கு 12.8 பங்கு குரோமியம் சேர்த்த உருக்கை அவர் வார்த்தார். நுணுக்குக்காட்டியிற் பார்ப்பதற்காக அதனை அமிலத்தால் அரிக்க முயன்றபோது அமிலம் அதனை எளிதிற் பற்றவில்லை. துவக்குக்குத் தேடியது உணவு மேசைக் கத்திக்குப் பயன்பட்டது. அதற்குக் கறையற்றது என்னும் பொருள்படப் பெயரிட்டவர் அவ்வூர்க் கத்தி ஆலையைச் சேர்ந்த ஏர்ணஸ்ற் ஸ்ருவட். ஏறக்குறைய அதே காலத்தில் ஜேர்மனியிற் குறுப் ஆலையினர் நிக்கலும் சேர்த்த வேறொரு வகையைக் கண்டனர். இன்றைய சமையற் பாத்திரங்கள் பெரும்பாலும் இவ்வகையின் வழிவந்தவை.

துவக்குக்கு அவ்வுருக்கு மெல்லவே திரும்பி வந்தது. 1965இல் அமெரிக்காவிற் கறையில் உருக்காலான கைத்துவக்கு விற்பனைக்கு வந்தது. பின்னர் றைபிள்களும் பெருகின. வாங்கியோர் சிலர் இனி எண்ணெய் வேண்டா எனக் கருதினர். அங்கேதான் பிழை நேர்ந்தது. குரோமியம் ஒட்சிசனோடு கூடிக் கண்ணுக்குத் தெரியாத தோலொன்றை அமைக்கின்றது. கீறினாலும் அது தானே வளரும். ஆனால் உப்புநீர் தேங்கினால் அத்தோல் துளைபடும். குழலைக் கடைவது எளிதாகும்பொருட்டுக் கந்தகம் சேர்க்கப்பட்ட துவக்கு உருக்கோ பாத்திர உருக்கினும் எளிதிற் புள்ளி கொள்ளும். ஈரத்தைப் பிடித்துவைக்கும் தோலுறையுள் நெடுநாள் வைத்தலும் தீங்கே.

மேற்பரப்பிற் புள்ளி கண்டால், முதலில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்தல் வேண்டும். பின்னர் நன்னீராற் கழுவி உலர்த்தி, மெல்லிய எண்ணெய் தோய்த்து நைலோன் தூரிகையாலோ வெண்கலக் கம்பிப் பஞ்சாலோ தேய்த்தல் முறை. சாதாரண இரும்புக் கம்பிப் பஞ்சு ஆகாது. அதன் துகள் ஒட்டிக்கொண்டு புதிய கறளுக்கு வித்தாகும். அத்தகைய துகளை நீக்க ஆலைகளிற் பயன்படுவது எலுமிச்சையிலுள்ள சித்திரிக்கமிலமே. முடிவில் எண்ணெய் இலேசாகப் பூசினாற் போதும்.

1990இற் போரினால் தெல்லிப்பழையிலும் அயலூர்களிலும் மக்கள் வீடுகளை விட்டகன்றனர். பல ஆண்டுகள் கழித்தே காணிகள் படிப்படியாக மீண்டன. துடைக்கக் கையின்றி உப்புக்காற்றில் நின்ற இரும்பு என்னாகும் என்பதை அவ்வூரவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கறையில் உருக்கும் அக்கையை வேண்டி நிற்பதே. சற்றுப் பொறுத்திருக்கும், அவ்வளவே.