இரும்புக்கை மாயாவி

சிவகாசியின் முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்த பிரிட்டிஷ் படக்கதை நாயகன். மனித உடலுக்குள் எந்திரம் படிப்படியாக இடம்பிடிக்கும் அறிபுனைக் கற்பனையைத் தமிழ்ச் சிறுவர்களிடம் பரவலாகக் கொண்டுசேர்த்தவன் இவனே எனலாம்.

மூலக்கதையின் பெயர் 'தி ஸ்டீல் க்ளா'. லண்டனில் 1962 அக்டோபர் 6 தேதியிட்டு வந்த 'வேலியண்ட்' வார இதழின் முதல் இதழிலேயே தொடங்கியது. மனிதனும் எந்திரமும் கலந்த உடலைக் குறிக்கும் 'சைபோர்க்' என்ற சொல் பிறந்து அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. அக்கால பிரிட்டிஷ் வார இதழ்கள் படைப்பாளிகளின் பெயரை அச்சிடுவதில்லை. தொடக்கக் கதைகளைக் கென் பல்மரும் பின்னர் வந்தவற்றை டாம் டல்லியும் எழுதினர் என்பது பிற்காலத்தார் தொகுத்த செய்தி. பெரும்பாலோர் இதை ஏற்கின்றனர்.

நாயகன் லூயிஸ் கிராண்டெல், ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தில் வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவன். இன்னொரு விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் தாக்க, அவன் உடல் மறைந்துபோகிறது. எஃகுக் கை மட்டும் மறைவதில்லை. அதன்பின் மின்சாரம் பாயும்போதெல்லாம் இதுவே நிகழ்கிறது. முதல் கதையில் அவன் குற்றவாளி. பிறகு மனம் மாறி, 'ஷேடோ ஸ்குவாட்' என்னும் ரகசிய அமைப்பின் உளவாளியாகிறான். கையும் அவனோடு மாறுகிறது. இழந்த உறுப்புக்கு ஈடாக வந்த வெற்று எஃகு, கதைக்குக் கதை கருவிகளை ஏற்று, விரலிலிருந்து சுடும் ஆயுதமாகிறது. இடையில் சிறிது காலம் அவன் தனி உடையணிந்த சூப்பர் ஹீரோவாகவும் உலவினான்.

தீப்பெட்டித் தொழிலும் அதற்கு லேபிள் அடித்த அச்சகங்களும் வளர்ந்த சிவகாசியில், 1972-ல் எம். சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழின் தலைப்பே 'இரும்புக்கை மாயாவி'. 'உறைபனி மர்மம்', 'நாச அலைகள்', 'பாம்புத் தீவு' ஆகியவை பின்தொடர்ந்தன. லண்டன் சிறுவன் வாரம் சில பக்கங்களாகப் படித்த நாயகனைத் தமிழ்ச் சிறுவன் முழுநீளக் கதையாக ஒரே மூச்சில் படித்தான்.

அந்த இதழ்களைப் படித்தவர் எவரும் மறக்காத கட்டம் ஒன்று உண்டு. மாயாவி மின்கம்பியைப் பற்றுகிறான். உடல் கரைகிறது. கட்டத்தில் எஞ்சுவது மணிக்கட்டோடு நிற்கும் கை மட்டும். அது அந்தரத்தில் மிதந்துபோய்க் கதவின் கைப்பிடியைத் திருகுகிறது. பிளாஸ்கோ இதைக் கறுப்பு மையின் அடர்ந்த நிழலில், புகைப்படம்போல் தீட்டினார். ரத்தமும் சதையும் மறைய, பொருத்திய எஃகே ஆளுக்கு அடையாளமாக நிற்கிறது. உடல் மாற்றம் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசும் படம் தமிழில் அச்சான படக்கதைகளில் அரிது.

'மாயாவி' என்ற பெயர் அவனை அறிவியலிலிருந்து மாயாஜாலக் கதை மரபுக்கு இழுத்துவிட்டது என்று கருத இடமுண்டு. 'இரும்புக்கை' என்ற முன்னொட்டு அதைச் சரிக்கட்டியது என்றும் வாதிடலாம். பின்னாளில் ராணி காமிக்ஸ் தன் முகமூடி வீரருக்கும் மாயாவி என்றே பெயரிட்டதால், அந்த முன்னொட்டு இருவரையும் பிரித்தறியவும் உதவியது.

1984-ல் முத்து காமிக்ஸின் உடன்பிறப்பாக லயன் காமிக்ஸ் வந்தது. அதில் புகழ்பெற்ற ஆர்ச்சி முழு எந்திரம். மனித உடல் மாறும் கதை அதுவன்று. சுஜாதாவின் கதையில் வரும் ஜீனோவும் 'எந்திரன்' (2010) படத்தின் சிட்டியும் அவ்வாறே முழு எந்திரங்கள்.

மூலக்கதையின் உரிமை 2018-ல் பிரிட்டனின் ரெபெல்லியன் நிறுவனத்திடம் சென்றது. இயக்குநர் லோகேஷ் கனகராஜ் 'இரும்புக்கை மாயாவி' என்ற தலைப்பில் படம் எடுக்கும் விருப்பத்தைத் தெரிவித்துள்ளார். முத்து காமிக்ஸ் 2022-ல் 50 ஆண்டுகளை நிறைவுசெய்தது.