மாத்திரை: இலக்கணமும் உடலும்

சிவஞானபோதம் செய்த மெய்கண்டார் பிறந்த ஊர் என்று பெண்ணாடத்தைச் சைவர்கள் கொண்டாடுவார்கள். அந்நூலின் முதல் சூத்திரம் உலகத்தை ஆண், பெண், அஃறிணை என்று மூன்றாகப் பகுத்துக்கொண்டுதான் பேசவே தொடங்குகிறது. இந்த மூன்றுக்குள் அடங்காதவர்களைத் தமிழ் இலக்கணம் அறியாமலில்லை. ஆண்மை திரிந்த பெயருக்கென்று தனி விகுதி கிடையாது, உயர்திணை விகுதியையே அது ஏற்கும், ஆனால் ஆண்பால் விகுதிக்கு இடமில்லை என்கிறது தொல்காப்பியக் கிளவியாக்கம். நன்னூலார் ஆண்மை விட்டுப் பெண்மையை அவாவுவோரைப் பெண்பால் என்று ஒத்துக்கொள்கிறார். கையோடு அஃறிணைபோலவும் ஆகும் என்று ஒரு வாசலையும் திறந்து வைக்கிறார். அந்த வாசல் வழியாகத்தான் நம் தெருக்களின் வசவு வந்தது என்பது என் எண்ணம்.

இலக்கணம் விகுதியைத் தந்தது. உடம்பை?

நெடுங்காலம் அதற்கு ஒரே வழி நிர்வாணம். விரையை நீக்கினால் ஆண் ஹார்மோன் வற்றிவிடும். தாயம்மாவின் கத்தி செய்தது, இன்றைய மொழியில் சொன்னால், ஹார்மோன் சிகிச்சையின் பாதி. மறுபாதியான பெண் ஹார்மோன் கிடைக்காத உடம்பில் எலும்பு தேயும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி'யையும், லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா'வையும் (2007) நமது விமர்சகர்கள் படித்தபோது கத்தியைப் பார்த்தார்கள், சடங்கைப் பார்த்தார்கள். மாத்திரையை யாரும் பார்க்கவில்லை. ரத்தம் தெறிக்காத விஷயத்தில் நமக்குக் கோட்பாடு வருவதில்லை போலும்.

அந்த மாத்திரைக்கு ஒரு வரலாறு உண்டு. 1938இல் பெர்லினில், ஷெரிங் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் எத்தினைல் எஸ்ட்ரடையால் உருவாக்கப்பட்டது. வாய்வழி உட்கொண்டாலும் கல்லீரலில் எளிதில் சிதையாது என்பது அதன் பெருமை. பின்னாளில் கருத்தடை மாத்திரைகளுக்குள் அது குடியேறியது. 1952இல் குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக்கிய இந்தியாவில் மாலா-டி, மாலா-என் என்ற பெயர்களில் கிராமங்கள்வரை வந்து சேர்ந்தது. குடும்பத்தை அளவாக வைத்துக்கொள்ளும் மனைவிக்கென்று அரசு தயாரித்த மாத்திரை, குடும்பத்தால் துரத்தப்பட்டவளின் கைக்குப் போனது. "போட்டுப் பாருடி, உடம்பு வரும்" என்பதே மருந்துச்சீட்டு. கூவாகத்திலோ சிதம்பரம் பக்கத்துக் கொத்தட்டையிலோ கூடும்போது மூத்தவர் இளையவருக்கு வாய்வழி கொடுக்கும் அறிவு இது.

இதில் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். 1989இல் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள், ஹார்மோன் எடுத்துக்கொண்ட 303 திருநங்கையரின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ரத்தக் குழாயில் உறைகட்டி அடைத்துக்கொள்வது எதிர்பார்க்கும் அளவைப்போல் 45 மடங்கு இருந்தது. அவர்களுக்கு அன்றாடம் கொடுக்கப்பட்ட எத்தினைல் எஸ்ட்ரடையால் 100 மைக்ரோகிராம். நம் மாலா-டியில் இருப்பது 30. ஒன்று போட்டால் ஒன்றும் தெரியவில்லை என்று மூன்று நான்கு போடுகிறவர் ஆம்ஸ்டர்டாமின் அளவைத் தொட்டுவிடுகிறார், அங்கிருந்த பரிசோதனைகள் எதுவும் இல்லாமல். கல்லீரலில் சிதையாத அந்தப் பெருமையேதான் ஆபத்தும். உறைதலுக்கான புரதங்களைக் கல்லீரல் கூடுதலாகச் சுரக்கும்படி அது செய்கிறது. 2003இல் அதே ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த ஆய்வு, குற்றவாளி பெண் ஹார்மோன் பொதுவாக அல்ல, குறிப்பாக இந்த வகைதான் என்று காட்டியது. இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள் இதைக் கைவிடச் சொல்கின்றன.

ஆகவே நாற்பதைத் தாண்டியவர், புகைப்பவர், ரத்த அழுத்தமோ முன்பு உறைகட்டிய வரலாறோ உள்ளவர், "உனக்கு ஹார்மோன் ஆகாது, நிறுத்து" என்ற சொல்லோடு திரும்பி வர வேண்டியதில்லை. உடம்பே சுரக்கும் வகையான எஸ்ட்ரடையால் இருக்கிறது. தோலில் ஒட்டும் பட்டையாக, பூசும் களிம்பாகக் கொடுத்தால் அது கல்லீரலை முதலில் சென்று தாக்குவதில்லை. நிர்வாணம் ஆனவருக்கு ஆண் ஹார்மோனை அடக்கும் மருந்தே தேவைப்படாது. அது தேவைப்படுகிறவருக்கும் கணக்கு உண்டு: ஸ்பைரனோலாக்டோன் என்றால் ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்க வேண்டும், சைப்ரோட்டிரோன் அதிக அளவில் நெடுநாள் போனால் மூளை உறையில் கட்டி வரக்கூடும் என்று 2020இல் ஐரோப்பிய மருந்து முகமை அதற்குக் கட்டுப்பாடு விதித்தது.

மருத்துவ அதிகாரம், உடலின் மீதான கண்காணிப்பு என்று ஃபூக்கோவைத் துணைக்கழைத்து இதையெல்லாம் ஒதுக்கிவிடும் நண்பர்கள் எனக்குண்டு. அவர்களுக்குச் சர்க்கரை நோய் வந்தால் கண்காணிப்பை யாரும் மறுப்பதில்லை. இங்குள்ள சிக்கல் மருத்துவர் இல்லாமல் மருந்து மட்டும் இருப்பது. 2008இல் தமிழகத்தில் திருநங்கையர் நலவாரியம் வந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அறுவையோடு ஹார்மோன் சிகிச்சையையும் அரசின் பொறுப்பாக எழுதியது. 2022இல் ஆயுஷ்மான் காப்பீட்டை ஆண்டுக்கு 5 லட்சம் வரை திருநங்கையருக்கு விரிக்க ஒப்பந்தம் ஆயிற்று. இதற்கென்று தனிப் பிரிவு தொடங்கப்பட்ட சென்னை அரசுப் பொது மருத்துவமனை பெண்ணாடத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு ரத்தப் பரிசோதனைக்கு ரயிலில் ஏறினால் ஒருநாள் வரும்படி போய்விடும். மாலா-டி பக்கத்துக் கடையில், சில ரூபாய்க்கு, சீட்டில்லாமல் கிடைக்கிறது.