16 பைட் விலாசம்: ஒரு சிறு வரலாறு

நெட்வொர்க் லேப் படித்த எல்லோரும் 'சி' மொழியில் ஒரு சர்வரும் ஒரு கிளையண்டும் எழுதியிருப்போம். ரெக்கார்ட் நோட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருப்போம். ஆனால் 'பைண்ட்' கூப்பிடும்போது விலாசத்தை ஏன் வேறொரு ஸ்ட்ரக்சராக 'காஸ்ட்' பண்ணுகிறோம், கடைசியில் எட்டு பைட் பூஜ்யம் எதுக்கு என்று கேட்டால் பலருக்குப் பதில் வராது. மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறோம். அந்த ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணமும் ஒரு காலமும் உண்டு. ஜூனியர் தம்பி தங்கைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லலாமே என்றுதான் இந்தக் கட்டுரை.

1983 ஜனவரி 1 அன்று ஆர்பாநெட் முழுவதும் டி.சி.பி./ஐ.பி.க்கு மாறியது. அதே ஆண்டு ஆகஸ்டில், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸ் வெளிவந்தது. செலவுக்குப் பணம் தந்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்பா. சாக்கெட் என்ற ஏற்பாடு ஊர் உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது இதில்தான்.

டார்பா கேட்டது டி.சி.பி./ஐ.பி. ஆனால் பெர்க்லிக்காரர்கள் சாக்கெட்டை அதற்கு மட்டும் என்று கட்டிப்போடவில்லை. ஒரே மெஷினுக்குள் பேசிக்கொள்ள யூனிக்ஸ் விலாசம் ஒன்று இருந்தது, 1986-இல் 4.3 பி.எஸ்.டி.யில் ஜெராக்ஸ் நெட்வொர்க்கும் வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் விலாசம் ஒவ்வொரு தினுசு. எல்லாவற்றையும் ஒரே 'பைண்ட்' எப்படி வாங்கிக்கொள்ளும்? இன்றைக்கு என்றால் 'வாய்ட் பாயிண்டர்' என்று எழுதிவிடுவோம். அது 1989-இன் ஆன்சி தரத்தோடு வந்த வசதி. 1983-இல் கையில் இல்லை. ஆகவே 'சாக்-அட்ர்' என்று ஒரு பொது ஸ்ட்ரக்சர் செய்தார்கள். முதல் 2 பைட், எந்தக் குடும்பத்து விலாசம் என்று சொல்லும். மீதி 14 பைட் வெறும் இடம். மொத்தம் 16. நாம் செய்யும் 'காஸ்ட்' அன்றைய 'சி'யின் குறையை ஒட்டுப்போட்ட அடையாளம்.

இன்டர்நெட் விலாசத்துக்குக் குடும்ப எண் 2 பைட், போர்ட் 2 பைட், ஐ.பி. 4 பைட், ஆக 8 பைட் போதும். 16-க்குச் சமமாக்கத்தான் பின்னால் அந்த எட்டு பூஜ்யம். பெர்க்லியில் ஓடிய வேக்ஸ் மெஷின் எண்ணின் சிறிய பைட்டை முதலில் வைக்கும். நெட்வொர்க்கோ பெரிய பைட்டை முதலில் கேட்கும். 'எச்-டு-என்-எஸ்' எழுத மறந்தால் போர்ட் 80 என்பது 20480 ஆகிவிடும். ப்ரோகிராம் ஓடும், எர்ரரும் வராது, ஆனால் கதவைத் தட்ட யாரும் வரமாட்டார்கள்!

'செட்-சாக்-ஆப்ட்' வாய்ப்புகளும் இப்படித்தான், அனுபவத்தில் பட்ட அடிகளின் பட்டியல். சர்வரை நிறுத்தி உடனே மறுபடி கிளப்பினால் 'விலாசம் உபயோகத்தில் இருக்கிறது' என்று மறுக்கிறதே, ஏன்? பழைய இணைப்பின் பாக்கெட் எங்காவது வழியில் அலைந்துகொண்டிருக்கலாம். அது புது இணைப்பில் வந்து விழக்கூடாது என்று டி.சி.பி. கொஞ்ச நேரம் காத்திருக்கிறது. லினக்ஸில் 60 விநாடி. 'ரீயூஸ்-அட்ர்' போட்டால், அந்தக் காத்திருப்பு இருந்தாலும் பைண்ட் செய்ய விடும். 'நோ-டிலே' கதை இன்னொன்று. ஒரு எழுத்து தட்டினால் 1 பைட்டுக்காக 40 பைட் தலைப்பும் சேர்ந்து 41 பைட் போனது. சில்லறையைச் சேர்த்து அனுப்பும் வழியை 1984-இல் ஜான் நேகிள் சொன்னார். அவசரக்காரர்கள் அதை நிறுத்திக்கொள்ள வந்ததுதான் 'நோ-டிலே'.

பிறகு ஐ.பி. விலாசங்கள் போதாது என்று தெரிந்தது. ஐ.பி.வி.6-இல் விலாசம் மட்டுமே 16 பைட். அதன் ஸ்ட்ரக்சர் லினக்ஸில் 28 பைட். பழைய பெட்டியில் அடங்காது. ஆனாலும் 'பைண்ட்', 'கனெக்ட்', 'அக்செப்ட்' எதையும் மாற்ற வேண்டி வரவில்லை. விலாசத்தோடு அதன் குடும்பத்தையும் நீளத்தையும் சேர்த்தே அனுப்பும்படி 1983-லேயே வைத்திருந்தார்களே, அந்தப் புண்ணியம். புதுக் குடும்பத்துக்கு ஒரு எண் கொடுத்தார்கள், வேலை முடிந்தது. எல்லா விலாசமும் அடங்கும் பெரிய பெட்டியாக 1999-இல் 'சாக்-அட்ர்-ஸ்டோரேஜ்' வந்தது. கஷ்டப்பட்டவர்கள் யார் என்றால், விலாசம் என்றாலே 4 பைட் என்று நம்பி, தங்கள் ப்ரோகிராம் முழுக்க அதை ஒரு முழு எண்ணாக இறைத்து வைத்தவர்கள்தான். 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பிலிருந்த கடைசி ஐ.பி.வி.4 தொகுதிகளும் பங்கிடப்பட்டன. அதற்குப் பின்னும் அந்தத் திருத்த வேலை பல இடங்களில் நடந்துகொண்டேதான் இருந்தது.

இன்னொரு சங்கதி. 1990-இல் 4.3 ரெனோ அந்த 2 பைட் குடும்ப எண்ணைப் பிரித்து, ஒரு பைட்டை நீளத்துக்குக் கொடுத்தது. ஃப்ரீ-பி.எஸ்.டி.யும் மேக்கும் அந்த வழி. லினக்ஸ் பழைய வழி. ஐ.பி.வி.6 குடும்பத்தின் எண் லினக்ஸில் 10, மேக்கில் 30, விண்டோஸில் 23. ஆகவே தம்பி தங்கைகளே, எண்ணை எழுதாதீர்கள், பெயரை எழுதுங்கள். ஸ்ட்ரக்சரை அப்படியே ஃபைலில் கொட்டி வேறொரு மெஷினில் படிக்கப் பார்க்காதீர்கள்.

லேப் முடிந்து கிளம்புமுன் ஒரு நாள் அந்த ஹெடர் ஃபைலைத் திறந்து பொறுமையாகப் படித்துப் பாருங்கள். நாற்பது வருஷத்துக்கு முன் சிலர் மேஜையில் எடுத்த முடிவுகள் அதில் அப்படியே உட்கார்ந்திருக்கும். நாளைக்கு நீங்கள் எழுதப்போகும் ஸ்ட்ரக்சரையும் யாரோ ஒருவர் இப்படித் திறந்து பார்ப்பார். அவருக்காக, முதல் இரண்டு பைட்டில் 'இது என்ன' என்று எழுதி வைத்துவிடுங்கள்.