காக்கிச் சட்டையும் கலங்கிய மனமும்

சட்டப் புத்தகத்தில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறொரு சொல்லை வைக்க எத்தனை ஆண்டுகள் வேண்டும்? இந்நாட்டு மனநோயாளியைப் பொறுத்தவரை எண்பத்தோர் ஆண்டுகள் வேண்டியிருந்தன! 1912ஆம் ஆண்டுச் சட்டம் அவனைக் 'கைது செய்' என்றது. 1993இல் நடைமுறைக்கு வந்த சட்டந்தான் 'பாதுகாப்பில் எடு' என்று பேசத் தொடங்கியது. இது ஏட்டில் நடந்த மாற்றம். ஏட்டய்யா நடந்துகொள்ளும் முறையில் அந்த மாற்றம் எப்போது வரும்? அதுவே நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

காவலர்மீது கல்லெறிவதற்காக இதனைக் கேட்கவில்லை. கல்லெறிவதில் நம் சமுதாயம் முன்னரே கைதேர்ந்தது. ஆண்டவனையே பித்தன் என்று பாடி மகிழ்ந்த நாடு இது. கருவறையில் இருப்பவன் பித்தன் என்றால் பெருமை. கடைத்தெருவில் நிற்பவன் பித்தன் என்றால் கல்லடி! மனம் கலங்கியவனுக்கு முதலில் மந்திரவாதியை அழைக்கிறோம். அவன் வேப்பிலை அடித்து ஓய்ந்தபின் போலீசை அழைக்கிறோம். அதன்பின், பணமும் காலமும் கரைந்தபின், மருத்துவரை நினைக்கிறோம். இந்த வரிசை எப்படி வந்தது? வரலாறு விடை கூறும்.

வெள்ளையர் வகுத்த வழி

சென்னையில் மனநோயாளிகளுக்கென 1794இல் புரசைவாக்கத்தில் ஓர் இல்லம் தோன்றியது. கும்பினியின் மருத்துவரான வாலண்டைன் கொனாலி அதனைத் தொடங்கினார். 1871இல் கீழ்ப்பாக்கத்தில் பெரிய விடுதி எழுந்தது. அங்குள்ள இன்றைய அரசு மனநல மருத்துவமனை அதன் வழிவந்ததே. நோய் தீர்க்கும் இடத்தின் ஊர்ப்பெயரையே ஏசல் சொல்லாக்கிவிட்ட 'பெருமை' நமக்கு உண்டு!

அந்த வாயிலுக்கு நோயாளியை அழைத்துச் சென்றவர் யார்? சிலரை உறவினர், உறவற்றோரைப் போலீசார். 1858இல் கும்பினி ஆட்சி போய் அரசியார் ஆட்சி வந்தது. அவ்வாண்டிலேயே பித்தர் விடுதிகளுக்கென ஒரு சட்டமும் வந்தது. ஊர் சுற்றும் பித்தரைப் பிடித்து நீதிபதிமுன் நிறுத்துவது போலீசின் கடமை என்று அது விதித்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் அதே வழியில் மேலும் நடந்தது. தம் எல்லைக்குள் சுற்றித் திரியும் பித்தரை நிலைய அதிகாரி கைது செய்யலாம். அவரால் ஆபத்து நேரும் என்று கருதினால் கைது செய்தே தீரவேண்டும்.

கவனியுங்கள், தோழர்களே! கால் முறிந்து கிடப்பவனைக் கைது செய் என்று எந்தச் சட்டமும் சொன்னதில்லை. கண்ணொளி இழந்தவனைக் கைது செய் என்று சொன்னதில்லை. மனம் முறிந்தவனை மட்டும் கைது செய் என்றது! 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவோ, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவனுக்கு ஓராண்டு வரை சிறை என்றது. சாவின் வாயிலிருந்து மீண்டவனைச் சிறையின் வாயில் வரவேற்றது.

சட்டம் 'கைது' என்றதால், கைதுக்குரிய கருவிகளே காவலருக்குக் கிடைத்தன. லத்தி, விலங்கு, அதட்டும் குரல், லாக்கப் அறை. திருடனைப் பிடிக்கக் கற்றார். கூட்டத்தைக் கலைக்கக் கற்றார். நடுங்கி நிற்கும் ஒருவனை அமைதிப்படுத்த அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்?

சிறையும் சங்கிலியும்

வெள்ளையர் 1947இல் வெளியேறினர். அவர் எழுதிய சட்டம் வெளியேறவில்லை. புதிய மனநலச் சட்டம் 1987இல்தான் நிறைவேறியது. நிறைவேறிய சட்டம் நடைமுறைக்கு வர மேலும் ஆறாண்டுகள். 1993 ஏப்ரல் 1ஆம் நாள்தான் அது உயிர் பெற்றது. அவ்வாண்டிலேயே, ஷீலா பார்சே தொடுத்த வழக்கில், குற்றம் எதுவும் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் அடைப்பது சட்டத்துக்கும் அரசியலமைப்புக்கும் முரண் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் செய்யாதவனைச் சிறையில் வைக்கக்கூடாது என்று சொல்ல ஒரு நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் வேண்டியிருந்தது என்றால், அதுவரை நடந்தது என்ன என்று நாம் எண்ணிப் பார்க்கலாம்.

சிறைக்கு வெளியே மட்டும் என்ன வாழ்ந்தது? 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் ஓட முடியவில்லை, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தனர். 25க்கும் மேற்பட்ட உயிர்கள் கருகின. நோய் தீரும் என்ற நம்பிக்கையில் புனிதத் தலத்துக்குக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் அவர்கள். எம்மதத்துத் தலமாயினும் ஒன்றுதான்: மருந்து இருக்கவேண்டிய இடத்தில் மந்திரம் இருந்தால், மனிதன் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல்தான் மிஞ்சும்.

புதுச் சட்டம் பேசுகிறது

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. எவ்வகையிலும் எந்த மனநோயாளியையும் சங்கிலியால் பிணைத்தல் ஆகாது என்றது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும். அவரை வழக்குக்கு இழுக்காமல் அரசு அவருக்குச் சிகிச்சை அளிக்கவேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டத்திலோ அந்தப் பழைய 309ஆம் பிரிவே இல்லை. அரசு ஊழியரைப் பணியவைக்கும் நோக்கில் செய்யப்படும் முயற்சி மட்டுமே அங்குக் குற்றமாக எஞ்சியுள்ளது.

காவலருக்கு இச்சட்டத்தின் 100ஆம் பிரிவு இடும் கட்டளைகளை ஒவ்வோர் இளைஞரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். தம்மைப் பேணிக்கொள்ள இயலாமல் திரிபவரையும், மனநோயால் தமக்கோ பிறர்க்கோ தீங்கு விளைவிக்கக்கூடியவர் என்று கருதப்படுபவரையும் காவலர் பாதுகாப்பில் எடுக்கவேண்டும். ஏன் அழைத்துச் செல்கிறோம் என்பதை அவரிடம் கூறவேண்டும். 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்கவேண்டும். எந்நிலையிலும் லாக்கப்பில் அடைக்கக்கூடாது, சிறையிலும் அடைக்கக்கூடாது. வீடற்றவராயின், காணாமற் போனவர் என்று பதிவு செய்து அவருடைய குடும்பத்தைத் தேடிக் கண்டறியவேண்டும்.

இவை எழுத்தில் இருந்தால் போதுமா? போதாது என்று சட்டமே அறிந்திருக்கிறது. காவலர் உள்ளிட்ட அரசு அலுவலர்க்குக் காலந்தோறும் பயிற்சி அளிக்கவேண்டும் என்று 30ஆம் பிரிவில் அரசின்மீது கடமை சுமத்துகிறது. ஒருநாள் கூட்டம் கூட்டித் தேநீர் கொடுத்து அனுப்பிவிடும் சடங்கு அன்று அது கேட்பது. காலந்தோறும் பயிற்சி!

அதன் தேவையை ஒரு கொடுமை காட்டுகிறது. சட்டம் நடைமுறைக்கு வந்த அதே 2018இல், மே மாதத்தில், பிள்ளை பிடிப்பவர் வந்துள்ளனர் என்ற வதந்தி வடதமிழ்நாட்டில் பரவியது. பழவேற்காட்டில், மனநலம் குன்றி வீடின்றித் திரிந்தவர் என்று சொல்லப்பட்ட ஒருவரைக் கூட்டம் அடித்தே கொன்றது; கொன்றபின் பாலத்தில் தொங்கவிட்டது. கேட்ட கேள்விக்கு விடை சொல்லத் தெரியாத ஒருவர், அந்த ஊமைத்தனத்துக்காகவே உயிரிழக்க நேரும் நாடு இது. அத்தகைய கூட்டத்துக்கும் அத்தகைய மனிதருக்கும் இடையே முதலில் வந்து நிற்கக்கூடியவர் காவலர் ஒருவரே. அவருக்குத் தெரிந்திருந்தால் ஓர் உயிர் பிழைக்கும்.

மெம்பிஸ் கற்ற பாடம்

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1987இல், கத்தியால் தன்னையே கீறிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரைக் காப்பாற்றப் போலீஸ் அழைக்கப்பட்டது. வந்த போலீசின் துப்பாக்கிக் குண்டுக்கு அவர் இரையானார். நகரம் கொதித்தது. காவல்துறை, பல்கலைக்கழகம், மனநோயாளிகளின் குடும்பத்தார் அமைப்பு ஆகியவை ஒன்றுகூடி, 1988இல் ஒரு முறையை வகுத்தன. ரோந்துக் காவலரில் விரும்பி முன்வந்தோர்க்கு 40 மணி நேரப் பயிற்சி. நோயாளிகளையும் குடும்பத்தாரையும் நேரில் கண்டு பேசுவது அதன் பகுதி. அம்முறை பின்னர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் பரவிற்று.

அதில் நாம் மறக்கக்கூடாத செய்தி மற்றொன்றும் உண்டு. காவலருக்குப் பயிற்சி அளித்ததோடு மெம்பிஸ் நிற்கவில்லை. அவர் அழைத்து வருபவரை மறுக்காமல், தாமதிக்காமல் ஏற்றுக்கொள்ளும் மருத்துவமனை வாயில் ஒன்றையும் திறந்து வைத்தது. அந்த வாயில் இல்லையேல் பயிற்சி பெற்ற காவலரும் என்ன செய்வார்? 'இடமில்லை, நாளை வா' என்று மருத்துவமனை திருப்பி அனுப்பினால், அவர் மீண்டும் நிலையத்துக்குத்தானே செல்வார்? அங்கே லாக்கப் என்றும் திறந்தே இருக்கிறது!

ஓசூர் சாலை

கடல்கடந்து போகவும் வேண்டாம். ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில், பெங்களூரில், நம் ஊரின் பெயரையே தாங்கி நிற்கும் ஓசூர் சாலையில் இருக்கிறது நிம்ஹான்ஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பித்தர் விடுதியாகத் தொடங்கி, 1925இல் மனநல மருத்துவமனை என்று பெயர் மாறி, 1954இல் அங்கு எழுந்த அனைத்திந்தியப் பயிற்சி நிறுவனத்தோடு 1974இல் இணைந்து உருவானது அது. இந்நாட்டு மனநல மருத்துவத்தின் தலைவாயில் நம் அடுத்த வீட்டில் இருக்கிறது என்று பொருள்!

எல்லையின் இப்புறத்தில் நம் ஊரைப் பாருங்கள். 1970களில் சிப்காட் வந்தது; ஆலைகள் பெருகின. 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. லாரியும் இருசக்கர வண்டியும் கைக்கடிகாரமும் இங்கே உருவாகின்றன. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் உழைக்க வந்தோர், ஓர் அறையில் பலராய் ஒடுங்கி, இரவு ஷிப்டும் பகல் ஷிப்டுமாய் உழல்கின்றனர். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் முன்னரே ஒலித்த ஊரில் இன்று இந்தியும் ஒடியாவும் சேர்ந்தொலிக்கின்றன. ஜூஜூவாடியில் ஒரு மாநிலம் முடிகிறது. அத்திப்பள்ளியில் மற்றொன்று தொடங்கிவிடுகிறது.

இங்கே நள்ளிரவில், நெடுஞ்சாலை ஓரத்தில், ஒருவன் தனக்குத்தானே பேசியபடி நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு மனநோயா? குடியைத் திடீரென நிறுத்தியதால் வந்த நடுக்கமும் பிதற்றலுமா? சர்க்கரை நோயாளியின் உடலில் சர்க்கரை குறைந்ததால் வந்த தடுமாற்றமா? தலையில் பட்ட அடியா? அல்லது, நமக்குப் புரியாத மொழியில் வழி கேட்டு நிற்கும் தொழிலாளியா? வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் தோன்றும். லத்திக்கு இவற்றுள் வேறுபாடு தெரியாது. பயிற்சி பெற்றவருக்குத் தெரியும். முடிவு கூறத் தெரியாவிடினும், மருத்துவரிடம் சேர்ப்பிக்கவேண்டும் என்றாவது தெரியும்.

பயிற்சி என்றதும் மிரளவேண்டியதில்லை. வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை விலக்குதல். பத்துப் பேர் அதட்டாமல் ஒருவரே பேசுதல். எட்ட நின்று, குரலைத் தாழ்த்திப் பெயரைக் கேட்டல். அவர் காணும் பொய்த் தோற்றத்தை மறுத்து வாதிடாமலும், ஆமென்று ஒப்பி ஊக்காமலும், 'அச்சமாக இருக்கிறதா?' என்று வினவுதல். அவர் மொழி அறிந்தவரை அழைத்தல். செய்யப்போவதை முன்கூட்டிச் சொல்லுதல். அவசரப்படாமல் இருத்தல். இவையே அதன் அரிச்சுவடி. எதிர்த்துத் தாக்குவதைவிட இது கடினம், ஆனால் கற்கக்கூடியது.

கற்பிக்கத் தகுந்தோரும் இல்லாமலில்லை. தமிழ்நாட்டுக் காவல்துறை 2018இல் நிம்ஹான்ஸோடு கைகோத்து, காவலரின் மன உளைச்சலைத் தணிக்கும் நிறைவாழ்வுப் பயிற்சியைத் தொடங்கியது. ஓய்வின்றி உழைக்கும் காவலரின் மனமும் மனந்தானே? தம் மனம் சோர்வதை அறிந்த காவலர், பிறர் மனம் உடைவதை எளிதில் உணர்வார். அந்த உறவை ஒருபடி மேலே கொண்டுசெல்வதுதான் மிச்சம்: தெருவில் மனம் உடைந்து நிற்பவரைக் கையாளும் முறையை ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியின் ஒவ்வொரு நிலையத்திலும் ஏட்டு முதல் ஆய்வாளர் வரை காலந்தோறும் கற்கவேண்டும். 2022இல் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியும், ஓசூர் அரசு மருத்துவமனையும் இரவிலும் திறந்த வாயிலாக விளங்கவேண்டும். எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள நிலையங்கள், காணாமற் போனோர் பட்டியலைத் தயங்காமல் பகிர்ந்துகொள்ளவேண்டும். மனம் கலங்கி நடப்பவன் மாநில எல்லை பார்த்தா நடக்கிறான்?

நமக்கும் பங்கு உண்டு, தோழர்களே! 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் 14416 என்ற எண், இரவு பகல் எந்நேரமும், தமிழ், கன்னடம், இந்தி உள்ளிட்ட பல மொழிகளில் மனநல உதவி தருகிறது. நம் படிப்பகத்தின் சுவரிலும், தொழிலாளர் தங்கும் அறைகளின் வாயிலிலும் அவ்வெண்ணை எழுதிவைப்போம். நம் மன்றத்துக்கு ஆய்வாளரையும் மனநல மருத்துவரையும் ஒரே மேடைக்கு அழைப்போம். 100ஆம் பிரிவை உரக்கப் படிப்போம். எவரேனும் பேய் என்று சொன்னால் நோய் என்று திருத்துவோம். கூட்டம் கூடினால் முதல் கல் எறியப்படுவதற்கு முன்னர் நடுவே போய் நிற்போம்.

கைவிலங்கோடு வந்த கை, கைகொடுக்கவும் கற்கும். கற்றுக்கொடு என்று அரசைக் கேட்கும் குரல், முதலில் நம் குரலாக இருக்கட்டும்!