கைங்காரோவாவின் பச்சைக் கணக்கு

நியூசிலாந்தின் வட தீவு நடுவே, எரிமலைகள் உமிழ்ந்த நுரைக்கல் மண் பரந்த மேட்டுநிலம் கைங்காரோவா. அங்கே மேய்ந்த ஆடுமாடுகள் காரணம் தெரியாமல் இளைத்துச் செத்தன. மண்ணில் கோபால்ட் போதாததே காரணம் என்பது 1930களில்தான் புலப்பட்டது. மேய்ச்சலுக்கு உதவாத அந்த வட்டாரத்தில் 1901 முதல் கைதிகளும், பிறகு பெருமந்தத்தில் வேலையிழந்தவர்களும் மரம் நட்டார்கள். கடைசியில் நிலைத்தது கலிபோர்னியக் கடலோரத்து ரேடியாட்டா பைன்.

நெருக்கி நட்டதால் சில ஆண்டுகளிலேயே மரங்களின் தலைகள் முட்டிக்கொண்டன. அப்போதிருந்து உயிருள்ள ஊசியிலைகளின் பச்சை மேலேறத் தொடங்கியது. உச்சியில் இளங்கிளைகள்தாம், ஊசியிலை குறைவு. அடர்த்தி நடுப்பகுதியில். அதற்குக் கீழே வெளிச்சம் வேகமாகச் சரிகிறது. நிழலில் சிக்கிய கிளை தண்டையொட்டி மொட்டையாகி, நுனியில் மட்டும் பச்சை காட்டி, ஒருநாள் காய்ந்துவிடுகிறது. காய்ந்த கிளையை ரேடியாட்டா எளிதில் உதிர்ப்பதுமில்லை. தண்டு அதைச் சுற்றியே பருக்கிறது. பலகை அறுத்தால் அந்தக் கிளை பதிந்த கணு கழன்று ஓட்டையாகும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், இடையிடையே மரங்களை வெட்டிக் கலைத்துவிட ஆளில்லை. 1940களின் பிற்பாதியில் சைரெக்ஸ் மரக்குளவி பெருகி, நெருக்கத்தில் நலிந்த மரங்களைக் கொன்று குவித்தது. குளவியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமல்ல. பச்சை சுருங்கிய மரங்களே அதற்கு எளிதில் இரையாயின.

தென்னாப்பிரிக்காவில் கிரெய்ப் என்ற வனவியலாளர் 1939இலேயே எச்சரித்திருந்தார்: சீக்கிரமே மரங்களைக் கலைத்துவிடுங்கள், கவாத்து செய்யுங்கள் என்று. நியூசிலாந்து அந்த வழிக்குப் பிறகு வந்தது. அடிக்கிளைகளை ஏறத்தாழ 6 மீட்டர் உயரம்வரை கழித்தார்கள், ஆனால் ஒரே மூச்சில் அல்ல. இரண்டு மூன்று தவணைகளில். நிழலில் கிடக்கும் அடிப்பச்சை மரத்துக்குச் சம்பாதித்துத் தருவது சொற்பம். அதைத் தாண்டிக் கைவைத்தால் வளர்ச்சி படுத்துவிடும்.

இந்தக் கணக்குக்கு உறுதியான அடித்தளம் ஜப்பானில் கிடைத்தது. இலையடுக்குகளின் ஊடே ஒளி எப்படித் தேய்கிறது என்பதை மோன்சியும் சயேக்கியும் 1953இல் சூத்திரமாக்கினார்கள். 1964இல் ஷினோசாக்கி குழு, ஓர் உயரத்துக்கு மேலுள்ள இலையளவுக்கு அங்கே நீர் கடத்தும் தண்டின் பரப்பு நேர்விகிதம் என்றது. ஊசிகளைப் பறித்து நிறுக்காமலே இலையளவை மதிப்பிட வழி பிறந்தது.

அதே 1964இல் நியூசிலாந்தில் டோதிஸ்ட்ரோமா பூஞ்சை கண்டறியப்பட்டது. ஊசிகளில் செந்நிறப் பட்டை போட்டு, அடிப்பகுதியிலிருந்து மேலே உதிர்த்துக்கொண்டே போகும் நோய் இது. பச்சையில் எத்தனை பங்கு போயிற்று என்று வனப்பணியாளர்கள் தோப்புதோப்பாக மதிப்பிட்டார்கள். பாதிப்பு கால்பங்கை நெருங்கிய இடங்களில் விமானங்கள் செம்பு மருந்து தெளித்தன. சுமார் 15 வயதுக்குப்பின் ரேடியாட்டாவுக்குத் தாங்கும் சக்தி கூடிவிடும். அதுவரைதான் தெளிப்பு.