ஒரு வரைபடம், இரண்டு அளவுகோல்

நம் குடியிருப்பில் வீடு கட்டுவோரும் அடுக்குமாடியில் வீடு வாங்குவோரும் கையில் விரித்து நோக்கும் வரைபடத்தைச் சற்றே உற்றுப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். ஒரே சுவருக்கு இரண்டு எண்கள் இடப்பட்டிருக்கும். 3048 என்று ஓர் எண்; அதன் பக்கத்தில் அடைப்புக்குள் 10 அடி என்று மற்றோர் எண். முன்னது மில்லிமீட்டர். சட்டம் கேட்பது அது; சந்தை பேசுவதோ பின்னது. கணிப்பொறி இரண்டையும் ஒருங்கே எழுதித் தந்துவிடுகிறது. இவ்விரட்டை வழக்கு நம் நாட்டில் வேரூன்றிய வரலாறு சுவையானது.

நிலத்தையும் மனையையும் அளக்கும் கலை நமக்குப் புதிதன்று. சோழர் காலத்தில் கோல் கொண்டு நிலம் அளந்தனர். வடக்கே முகலாயர் கஜம் கொண்டு அளந்தனர். ஊருக்கு ஊர் கோல் வேறுபட்டது. ஆங்கிலேயர் வந்து அடியையும் சங்கிலியையும் நாடெங்கும் பரப்பினர். 1802-ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பரங்கிமலை அருகே லாம்டன் என்னும் படைத்தலைவர் 100 அடி எஃகுச் சங்கிலியைக் கொண்டு அளந்த அடிக்கோட்டிலிருந்தே இந்தியப் பெருநில அளவை வடக்கு நோக்கி வளர்ந்தது. ஆனால் அடி என்பதும் கல்லில் எழுதிய எழுத்தன்று. இந்திய நில அளவையாளரின் அடிக்கு 1937-இல் கொண்ட மதிப்பு 0.30479841 மீட்டர், 1975-இல் கொண்டது 0.3047995 மீட்டர். இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகள் 1959-இல் உடன்பட்டு வகுத்த அடியோ சரியாக 0.3048 மீட்டர். வீட்டுச் சுவரில் இவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஆயிரம் கிலோமீட்டர் நீளும் நிலப்படத்திலோ ஒன்றரை மீட்டருக்கு மேல் பிசகும்.

விடுதலைக்குப் பின் நம் அரசு பதின்முறையைத் துணிந்து மேற்கொண்டது. 1956-இல் எடை, அளவுச் சட்டம் நிறைவேறியது. 1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா புழக்கத்துக்கு வந்தது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாகக் கடைகளில் நுழைந்தன. சேரும் வீசையும் பலமும் ஒரு தலைமுறைக்குள் மறைந்தன. அடி மட்டும் மறையவில்லை, ஏன்? ஒரு கிலோ அரிசி சமைத்து உண்டால் தீர்ந்தது. மறுநாள் புதிய எடைக்கல்லில் புதிதாய் வாங்கலாம். வீடு அப்படியன்று. 9 அங்குலச் சுவர் அறுபது ஆண்டு நிற்கும். அதை ஒட்டி எழுப்பும் புதுச்சுவரும் 9 அங்குலமாகவே இருந்தாக வேண்டும். பழைய கட்டடங்களே பழைய அளவைக் காத்து நின்றன என்பது என் கருத்து.

செங்கல்லின் கதை இதற்குச் சான்று. இந்தியத் தர நிறுவனம் 19 செ.மீ. நீளமும் 9 செ.மீ. அகலமும் 9 செ.மீ. உயரமும் உடைய செங்கல்லை வகுத்தது. சாந்தின் கனத்தையும் சேர்த்தால் 20, 10, 10 என்று கணக்கு இனிதே முடியும். ஆயினும் சூளைகள் பலவும் தம் பழைய 9 அங்குல அச்சைக் கைவிடவில்லை. ஆகவே பொறியாளர் தம் படத்தில் 230 மில்லிமீட்டர் சுவர் என்று எழுதலானார். அது 9 அங்குலமே மெட்ரிக் உடை உடுத்து வந்தது!

கம்பியின் கதையும் அஃதே. தமிழ்நாட்டுக் கொத்தனார் ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை நூல் என்பார். தில்லி மிஸ்திரி அதனையே சூத் என்பார். அச்சொல்லுக்கும் நூல் என்பதே பொருள். மொழி வேறாயினும் அளவும் பெயரும் ஒன்றாயிருப்பது நம் போன்று பிற மாநிலத்தில் வாழ்வோர்க்கு மகிழ்ச்சி தருவது. ஆலையிலிருந்து 10, 12, 16 மில்லிமீட்டர் என்று வரும் கம்பி, வேலைத்தளத்தில் இன்றும் மூன்று, நான்கு, ஐந்து நூலாகவே அழைக்கப்படுகிறது.

வரைபடத்தின் விகிதமும் மாறியது. முன்பு 8 அடிக்கு ஓர் அங்குலம், அதாவது 96-இல் ஒரு பங்கு என்று வரைந்தனர். பின்னர் 100-இல் ஒரு பங்கு என்றாயிற்று. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதே இடர். பழைய படத்தின்மேல் புதிய அளவுகோலை வைத்து அளந்தால் 10 அடி அறை 10 அடி 5 அங்குலமாகத் தோன்றும்.

இரு அளவுகளையும் ஒன்றாக்கிவிட முயன்ற ஒருவரும் இந்தியாவுக்கு வந்தார். லாகூரை இழந்த பஞ்சாபுக்குப் புதுத் தலைநகர் அமைக்க 1950-இல் அழைக்கப்பட்ட பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் லெ கொர்புசியே அவர். உடன் பணிபுரிந்த மாக்ஸ்வெல் பிரையும் ஜேன் ட்ரூவும் அடியில் சிந்தித்த ஆங்கிலேயர். அவரோ மீட்டரில் சிந்தித்தவர். மனித உடலையே அளவாகக் கொண்டு மாடுலர் என்னும் அளவைத் தொடரை அவர் முன்னரே வகுத்திருந்தார். முதலில் 175 செ.மீ. உயர மனிதனைக் கொண்டார். அது அடிக்கணக்கில் இசையாமல் முரண்டியது. ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் எடுப்பான ஆடவர் எப்போதும் ஆறடி உயரமாகவே வருகின்றனர் என்று உதவியாளர் ஒருவர் சொல்ல, அவ்வாறே ஆறடி மனிதனைக் கொண்டார். சிக்கல் அவிழ்ந்தது. ஆறடி 182.88 செ.மீ.; அதை 183 என்றார். கைதூக்கி நின்றால் 226 செ.மீ., அதாவது 89 அங்குலம். அதில் பாதி 113 செ.மீ., அதாவது 44½ அங்குலம். இரண்டு பக்கமும் முழு எண்ணோ அரை எண்ணோ கிடைத்தது.

இவ்வளவைத் தொடர் சண்டிகரின் தலைமைக் கட்டடங்களில் ஆளப்பட்டது. 1955-இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றம் மெட்ரிக் சட்டத்துக்கு முந்தியது. 1958-இல் முடிந்த செயலகம் பிந்தியது. நகரின் ஒவ்வொரு வட்டாரமும் 800 மீட்டருக்கு 1200 மீட்டர் என்பர். அரை மைலுக்கு முக்கால் மைல் என்றும் சொல்வர். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. முயற்சி பாராட்டத்தக்கது. எனினும் நம்மவரில் ஆறடி மனிதர் எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றுகிறது. இரு எண்கள் இசைவதற்காக மனிதனை எட்டு செ.மீ. வளர்த்துவிட்டார்!

அவர் உடலில் தேடிய இசைவைக் கணிப்பொறி பெருக்கலால் முடித்தது. 1982-இல் வெளிவந்த ஆட்டோகேட் முதலிய வரைவு மென்பொருள்களில் மாற்று அலகு என்றொரு வசதி உண்டு. அங்குலத்தில் வரைந்ததை 25.4-ஆல் பெருக்கி, மில்லிமீட்டரைப் பக்கத்தில் அடைப்புக்குள் காட்டும், தலைகீழாகவும் செய்யும். ஆனால் மென்பொருளுக்குள் இருப்பது வெறும் எண். அது அங்குலமா மில்லிமீட்டரா என்பதை வரைபவரே சொல்ல வேண்டும். மில்லிமீட்டரில் 900 என்று வரைந்த கதவை, அலகு குறிக்காமல் அங்குலப் படத்தில் செருகினால் 75 அடிக் கதவு எழும். அது நல்ல பிழை. உடனே கண்ணில் படும்.

கண்ணில் படாத பிழை முழுமையாக்கலில் உள்ளது. 10 அடியை 3048 என்னாமல் 3050 என்று எழுதினால் போவது 2 மில்லிமீட்டர்தான். அவ்வாறு பத்து அறைகள் வரிசையாய் அமைந்தால் கூட்டுத்தொகையில் 20 மில்லிமீட்டர் மிகும். கடைசி அறையின் அலமாரி உள்ளே போகாது. பரப்பளவில் இது பணமாகிவிடும். 800 சதுர அடி என்பது 74.32 சதுர மீட்டர். ஆவணத்தில் அதை 74 என்று சுருக்கினால் மூன்றரைச் சதுர அடி குறைகிறது. சதுர அடி 10,000 ரூபாய் விற்குமிடத்தில் அது ஏறத்தாழ 35,000 ரூபாய். தில்லிப் பக்கத்தில் கஜம் என்ற பெயரில் சதுர கஜமும் உடன் சேர்கிறது. அது 9 சதுர அடி. ஊரில் 2400 சதுர அடி கிரவுண்டிலும், 435.6 சதுர அடி செண்டிலும் பழகிய நம் குடும்பத்தார்க்கு நான்கு கணக்கையும் ஒத்துப் பார்ப்பதே ஒரு வேலை. 2016-ஆம் ஆண்டின் மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம் சுவர்களுக்குள் அடங்கிய தரைப்பரப்பை இன்னதென்று வரையறுத்திருப்பதால், எந்தப் பரப்பு என்ற ஐயமேனும் தணிந்துள்ளது.

ஆதலால் தேர்ந்த வரைவாளர் ஓர் அளவையே மூல அளவாகக் கொண்டு, அடைப்புக்குள் இருப்பது அறிதற்பொருட்டே என்று படத்தின் ஓரத்தில் குறிப்பு எழுதிவிடுகின்றனர். வேலைத்தளத்தில் நாடாவைப் பிடித்து நிற்கும் மிஸ்திரி படிப்பது என்னவோ அந்த அடைப்புக்குள் இருப்பதைத்தான்.