தொலைந்த பிட்காயின்: மீட்க முடியாதபோது மீள்வது எப்படி?

கிரிப்டோ நாணயம் வைத்திருப்பவர் அதன் ரகசியத் திறவுகோலைத் தவறவிட்டால், செல்வம் கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாது. உலகறிந்த இரு நிகழ்வுகள் இதற்குச் சான்று.

குப்பைக் கிடங்கில் புதைந்த செல்வம்

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலுள்ள நியூபோர்ட் நகரைச் சேர்ந்தவர் ஜேம்ஸ் ஹோவெல்ஸ். பிட்காயின் அறிமுகமான 2009-ஆம் ஆண்டிலேயே அதைத் தனது கணினி மூலம் ஈட்டத் தொடங்கினார். சுமார் 8,000 பிட்காயின்களின் திறவுகோல் இருந்த ஹார்டு டிஸ்க், 2013-இல் தவறுதலாகக் குப்பையுடன் நகரின் குப்பைக் கிடங்கைச் சென்றடைந்தது. மீட்கும் தொகையில் பங்கு தருவதாக அவர் கூறியும், கிடங்கைத் தோண்ட நகர நிர்வாகம் அனுமதிக்கவில்லை. அவரது வழக்கை 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

எஞ்சிய இரு வாய்ப்புகள்

அமெரிக்காவில் வசிக்கும் மென்பொருள் வல்லுநர் ஸ்டீபன் தாமஸுக்கு, பிட்காயினை விளக்கும் காணொலி தயாரித்ததற்காக 7,002 பிட்காயின்கள் கிடைத்தன. அவற்றின் திறவுகோலைக் காக்கும் கருவியின் கடவுச்சொல் எழுதிய தாள் தொலைந்தது. பத்து முறை தவறினால் உள்ளிருக்கும் தரவு நிரந்தரமாகப் பூட்டப்படும். எட்டு வாய்ப்புகள் தீர்ந்துவிட்டதாக 2021-இல் அவர் தெரிவித்தார். ஒருவரது மதிப்பை வங்கி இருப்பு தீர்மானிப்பதில்லை என்ற தெளிவே அவருக்கு ஆறுதலானது.

முதலில் செய்ய வேண்டியவை

நாணயம் பரிவர்த்தனைத் தளத்தின் கணக்கில் இருந்தால், அடையாளத்தை நிரூபித்துக் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம். திறவுகோல் உரிமையாளரிடம் மட்டுமே இருந்தால், மாற்றித் தர எந்த வங்கியும் இல்லை. பழைய கணினி, பென் டிரைவ், குறிப்பேடு ஆகியவற்றைப் பொறுமையாகத் தேட வேண்டும். பழைய கருவியில் புதிதாக எதையும் பதிவு செய்யக் கூடாது. முயற்சிகளுக்கு வரம்புள்ள கருவியில், ஊகித்துக் கடவுச்சொல் இடுவதை உடனே நிறுத்த வேண்டும்.

மீட்டுத் தருவதாகக் கூறி முன்பணமோ மீட்புச் சொற்களோ கேட்போரிடம் எச்சரிக்கை அவசியம். ஏமாந்தால் 1930 என்ற எண்ணில் புகார் அளிக்கலாம்.

மனத்தைத் தேற்ற

திருடுபோன பணத்தின் அளவு மாறாது. தொலைந்த பிட்காயினோ விலை உயரும்போதெல்லாம் புதிதாக இழந்ததுபோல் வலிக்கும். எனவே அன்றாட விலையைப் பார்ப்பதைத் தவிர்ப்பது நல்லது. திறவுகோல் கையில் இருந்திருந்தால், விலை சற்று உயர்ந்தபோதே விற்றிருக்கவும் கூடும். இன்றைய மதிப்பை அன்றி, உண்மையில் செலவிட்ட தொகையையே இழப்பாகக் கருதலாம். தேடலுக்குக் கால வரம்பும் செலவு வரம்பும் வகுத்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தாரிடம் மறைக்கக் கூடாது.

உறக்கமின்மை நீடித்தாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தாலோ, மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.